12.9 அங்குல ஐபேட் வரப்போகிறதாம்: காத்திருப்பதா, இருப்பதை வைத்துச் சமாளிப்பதா?

கோணமலைக்காற்று
2015 மார்ச் 12, இரவு 9.40

வதந்தி மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. ஆப்பிள் 12.9 அங்குலத் திரையோடு ஒரு பெரிய ஐபேட் செய்கிறது என்று புளூம்பேர்க் செய்தி நிறுவனம் சென்ற ஓகஸ்ட்டில் எழுதியது. இந்த வருடத் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பம் என்றும் சொன்னது. இப்போது அதே புளூம்பேர்க், திரைகள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, செப்டெம்பர் வரை தள்ளிப்போகும் என்கிறது. யூஎஸ்பி துளை வைப்பதா என்றும் யோசிக்கிறார்களாம். இதைச் சொன்னது வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை. கூடவே ஓர் எழுத்துப்பேனையும் வரும் என்று ஆப்பிளைக் கவனிக்கும் ஆய்வாளர் மிங்-சி குவோ ஜனவரியிலேயே ஆரூடம் சொல்லிவிட்டார்.

என் நிலைமையைச் சொல்கிறேன். திருகோணமலைப் பக்கம் உவர்மலையிலும் கிண்ணியாவிலும் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் எடுக்கிறேன். பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்கள் மோட்டார் சைக்கிள் பையில் கிடந்து பொடியாகிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து 9.7 அங்குல டெப்பில் ஏற்றினேன். போன கிழமை அதைப் பார்த்துக் கணக்கொன்றைப் பலகையில் எழுதும்போது மூன்றாம் அடுக்கை இரண்டாம் அடுக்காக வாசித்துவிட்டேன். பலகை நிறையத் தப்பு. பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சேர், வினாத்தாளில் அப்படி இல்லை" என்று சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. விரலால் பெரிதாக்கலாம்தான். பெரிதாக்கினால் படம் ஒரு பக்கம் ஓடிவிடும், கேள்வி மறுபக்கம் ஓடிவிடும்.

ஆகவே கேட்கிறேன்: செப்டெம்பர் வரை பொறுக்கலாமா?

மூன்றாம்_குறுக்கு
2015 மார்ச் 12, இரவு 10.25

சேர், கருவி திருத்தும் கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன், இது வராது. வந்தாலும் விற்காது. ஐபேட் விற்பனை படுத்துக்கிடக்கிறது. 2013 கடைசி மூன்று மாதத்தில் 26 மில்லியன் விற்றார்கள். 2014 கடைசி மூன்று மாதத்தில் 21.4 மில்லியன்தான். 5.5 அங்குலக் கைத்தொலைபேசியை அவர்களே வெளியிட்டுத் தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள். இந்த 9ஆம் தேதி 12 அங்குல மெக்புக் ஒன்றை அறிவித்தார்கள், பார்த்தீர்களா? எடை 920 கிராம். விசைப்பலகையோடு முழுக் கணினி. அது இருக்கும்போது அதே அளவில் விசைப்பலகை இல்லாத ஒரு பலகையை எவன் வாங்குவான்?

பழைய_சங்கிலி
2015 மார்ச் 13, காலை 5.50

நான் ஓய்வு பெற்ற நில அளவையாளன். மகன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய முதலாவது ஐபேட், 2010இல் வந்தது, இன்னும் என் கையில் இருக்கிறது. 680 கிராம். மென்பொருள் 5.1.1ஓடு நின்றுவிட்டது, நானும் ஏறக்குறைய அங்கேதான் நின்றுவிட்டேன். படுத்துக்கொண்டு பத்திரிகை வாசிக்கையில் இரண்டு தடவை மூக்கில் விழுந்திருக்கிறது.

"வராது" என்று கடைக்காரத் தம்பி அடித்துச் சொல்கிறார். 2010 ஒக்டோபரில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ், ஏழு அங்குல டெப்பெல்லாம் பிறக்கும்போதே செத்த பிள்ளை என்ற கருத்தில் பேசினார். விரலை உப்புத்தாளால் தேய்த்துச் சிறிதாக்கினால்தான் அதில் தொட முடியும் என்று நையாண்டியும் செய்தார். 2012இல் 7.9 அங்குலத்தில் ஐபேட் மினி வந்தது. எழுத்துப்பேனையையும் 2007இல் மேடையில் வைத்தே கேலி செய்தவர்தான். அந்த நிறுவனம் ஒன்றை வேண்டாம் என்றால், அதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

வாடை
2015 மார்ச் 13, காலை 7.15

ஐயா, உப்புத்தாள் என்றால் சாண்ட்பேப்பரா? எங்கள் வயதுக்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவை.

பழைய_சங்கிலி
2015 மார்ச் 13, காலை 7.20

ஆம் தம்பி. உங்கள் வயதில் கதிரைக் காலைத் தேய்த்து வளர்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நானா_கிண்ணியா
2015 மார்ச் 13, மாலை 4.30

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் ஏழு வருடம் படவரைஞனாக இருந்தவன் நான். சண்டை பிடிக்குமுன் அளவுகோலை எடுப்போம்.

அங்குலம் என்று விளம்பரத்தில் சொல்வது மூலைக்கு மூலை அளவு. அதை மட்டும் வைத்து ஒன்றும் விளங்காது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் வேண்டும். ஐபேட்டுகள் 4:3. 9.7 அங்குலம் என்றால் திரை 197 மில்லிமீற்றருக்கு 148. வதந்திக்காரர் சொல்லும் 12.9 இதே விகிதத்தில் வந்தால் 262க்கு 197. அதாவது சின்னதின் நீளம் பெரியதின் அகலமாகிவிடும். பரப்பளவில் 1.77 மடங்கு.

இப்போது சேரின் வினாத்தாள். ஏ4 தாள் 297க்கு 210. முழுப் பக்கமும் திரையில் தெரிய வேண்டுமென்றால் 9.7இல் அது 66 வீதமாகச் சுருங்கும். 12 புள்ளி (பொயின்ற்) அளவு எழுத்து 8 புள்ளி ஆகிவிடும். அந்த அளவில் அடுக்குக்குறி எறும்பு மாதிரித்தான் தெரியும். 12.9இல் 88 வீதம்; எழுத்து பத்தரைப் புள்ளி.

என்னிடம் இருப்பது சாம்சங் நோட் புரோ, 12.2 அங்குலம், 2014 ஜனவரியில் அறிவித்தது. கேட்கும்போது 12.9க்குப் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். ஆனால் அது 16:10. படம் பார்க்கச் செய்த நீட்டு உருவம். அகலம் 164 மில்லிமீற்றர்தான் வரும். ஏ4 அதில் 78 வீதம். மூலைக்கு மூலை முக்கால் அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம், எழுத்திலோ பத்து வீத வித்தியாசம். மைக்ரோசொப்டின் சேர்பேஸ் புரோ 3 (12 அங்குலம், 3:2) இரண்டுக்கும் நடுவில், 80 வீதம்.

கோணமலைக்காற்று
2015 மார்ச் 13, இரவு 8.05

நானா, இந்தக் கணக்கை நான் செய்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

பழைய_சங்கிலி
2015 மார்ச் 14, காலை 5.45

நானாவின் கணக்கு சரி. என் பங்குக்கு ஒன்று: ஏ4 தாளின் மூலைக்கு மூலை 364 மில்லிமீற்றர், 14.3 அங்குலம். ஆக 12.9ம் போதாது. தாளைத் தாளாகவே காட்ட வேண்டுமென்றால் பதினாலரை அங்குலம் செய்யட்டும். அரைகுறையாக ஏன்?

மூன்றாம்_குறுக்கு
2015 மார்ச் 14, காலை 9.30

ஐயா, அதைத் தூக்க ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். எடைக் கணக்கை நான் போடுகிறேன். ஐபேட் எயார் 2 இப்போது 437 கிராம். பரப்பு 1.77 மடங்கு என்று நானாவே சொல்கிறார். பெருக்கினால் 773 கிராம். உங்கள் மூக்கை நினைத்துப் பாருங்கள்.

சுவடிச்செல்வி
2015 மார்ச் 15, பிற்பகல் 2.10

வணக்கம். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்கள் பாடத்துக்கு வேண்டிய பழைய நூல்கள் அச்சில் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். நூலகம் என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களையும் இதழ்களையும் 2005இலிருந்து ஏற்றிவருகிறார்களே, அதுபோல. இவற்றில் எழுத்து எழுத்தாக இருப்பதில்லை, பக்கம் முழுவதும் ஒரு படம். மின்னூலைப் போல எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரியை மடித்துக்கொள்ள வழியில்லை. என்னிடம் இருப்பது ஏழு அங்குல டெப். ஒரு வரியின் தொடக்கத்தை வாசித்து, தள்ளி, முடிவை வாசித்து, திரும்பத் தள்ளி வந்தால் எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துவிடும். ஒரு தடவை சூரண அளவில் இந்த மருந்தின் எடையை அடுத்த வரி மருந்தோடு சேர்த்து எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சங்கிலி ஐயாவிடம் ஒரு கேள்வி. தாளைச் சுற்றி வெள்ளை ஓரம் இருக்கிறதே, அதையும் நாம் ஏன் திரையில் காட்ட வேண்டும்? நான் ஓரங்களை வெட்டித்தான் ஏற்றுகிறேன்.

நானா_கிண்ணியா
2015 மார்ச் 15, மாலை 5.00

தங்கச்சி சொன்னதைக் கேட்டதும் எழுந்துபோய் வினாத்தாளில் கோலை வைத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் ஓரம். வெட்டினால் மிஞ்சுவது 257க்கு 170. 12.9 அங்குலத் திரை 262க்கு 197. அப்படியே உட்காருகிறது! நூறு வீதம், ஒரு புள்ளிகூடச் சுருங்காது. என் 12.2இன் அகலம் 164. ஆறு மில்லிமீற்றர் குறைகிறது. ஓரத்தை வெட்டிவிட்டால் ஐயா கேட்ட பதினாலரை அங்குலம் தேவையே இல்லை.

ஏழு வருடம் படம் வரைந்தவனுக்கு இது தோன்றவில்லை. தங்கச்சிக்கு ஒரு சலாம்.

பழைய_சங்கிலி
2015 மார்ச் 16, காலை 5.40

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறவன் எங்கே எழுதுவது?

சுவடிச்செல்வி
2015 மார்ச் 16, காலை 8.30

ஐயா, 197இல் 170 போனால் 27 மில்லிமீற்றர் பக்கவாட்டில் மிஞ்சுகிறது. எழுத்துப்பேனை வரும் என்பது மட்டும் உண்மையானால் அங்கே எழுதலாம்.

ஏட்டுச் சுவடிப் படங்களுக்கும் இதனால் நன்மை உண்டு. ஓர் ஏடு முழங்கை நீளம், இரண்டு மூன்று விரல் அகலம். குறுக்கே பிடித்தால் 262 மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் ஏட்டை ஒரே பார்வையில் பார்க்கலாம், ஒன்றின் கீழ் ஒன்றாக நாலைந்து ஏடுகளையும் அடுக்கலாம்.

மூன்றாம்_குறுக்கு
2015 மார்ச் 16, காலை 10.15

நீங்கள் எல்லாரும் வராத பிள்ளைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, பந்தயம். வந்தால் 750 கிராமுக்கு மேல்தான் இருக்கும். குறைந்தால் சேருக்குக் கொத்துரொட்டி என் செலவு.

கோணமலைக்காற்று
2015 மார்ச் 16, இரவு 9.00

ஏற்றுக்கொண்டேன். மாட்டுக்கொத்து வேண்டாம், முட்டைக்கொத்து.

கோணமலைக்காற்று
2015 மார்ச் 21, இரவு 8.45

ஒரு சோகச் செய்தி. நானாவின் அளவுக்குத் திரை, சுற்றிவரச் சட்டத்துக்கு இடம் என்று கணக்கிட்டு, 31க்கு 22 சென்ரிமீற்றரில் தடித்த மட்டை ஒன்றை வெட்டினேன். வினாத்தாள் ஒன்றையும் ஓரம் வெட்டி அதன்மேல் ஒட்டினேன். கையில் வைத்துப் பார்த்தால் ஆசையாக இருந்தது. வகுப்புக்கும் கொண்டுபோனேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகையில் மோட்டார் சைக்கிளைக் கோட்டைக்குள் நிறுத்திவிட்டு, மட்டையை இருக்கையின்மேல் வைத்துவிட்டு ஏறிவிட்டேன். திரும்பி வந்தால் மான் ஒன்று அதை மென்றுகொண்டு நிற்கிறது. நான் ஓடி வந்ததைப் பார்த்தும் அவசரப்படவில்லை. ஒரு மூலை போய்விட்டது. 11ஆவது கேள்வியும் போய்விட்டது.

வாடை
2015 மார்ச் 21, இரவு 8.52

மூலை போனதால் மூலைக்கு மூலை 12.2 ஆகிவிட்டதா? நானாவிடம் இருப்பதும் இப்படித்தான் உருவானதோ?

நானா_கிண்ணியா
2015 மார்ச் 21, இரவு 9.30

வாடைத் தம்பி, கிண்ணியாப் பாலம் தாண்டி வந்தால் சந்திப்போம்.

மூன்றாம்_குறுக்கு
2015 மார்ச் 22, காலை 9.10

மட்டையை வைத்து எடை தெரியாது சேர். கண்ணாடிக் கடையில் நாலு மில்லிமீற்றர் கண்ணாடியை அதே அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள், விளிம்பைத் தேய்த்துத் தரவும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மட்டை ஒட்டுங்கள். ஏறக்குறைய என் கணக்குக்கு வரும். ஒரு கிழமை சுமந்துவிட்டு வந்து எழுதுங்கள்.

கோணமலைக்காற்று
2015 மார்ச் 30, இரவு 10.10

சுமந்தேன். பலசரக்குக் கடைத் தராசில் 765 கிராம். கடைக்காரர் அதற்கு விலை கேட்டார்.

மேசையில் சாய்த்து வைத்தால் ஒன்றும் தெரியாது. மடியில் வைத்தாலும் பரவாயில்லை. இடக்கையில் ஏந்திக்கொண்டு வலக்கையால் பலகையில் எழுதுவது, அதுதான் நான் நாள்தோறும் செய்வது, முதல் கணக்கு முடியுமுன் மணிக்கட்டு பேசத் தொடங்கிவிடும். இரண்டாம் கணக்கில் பெருவிரல் மரத்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து மேசையில் வைத்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து எழுதினேன். அதனால் முதுகு. இன்னொன்று, சனிக்கிழமை கொழும்புக்கு இரவு ரயிலில் போனபோது மேல் தட்டில் வைத்திருந்தேன். அது கண்ணாடி என்ற நினைப்பில் கந்தளாய் வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன்.

ஆனால் எழுத்து! தாளில் இருந்த அளவிலேயே கண்முன்னால் இருந்ததால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டும் வேலை ஒரு தடவையும் வரவில்லை.

பழைய_சங்கிலி
2015 மார்ச் 31, காலை 5.45

680 கிராமை ஐந்து வருடம் தூக்கியவன் சொல்கிறேன், இன்னும் 85 கிராம் ஒரு பொருட்டல்ல. மூக்குத்தான் பாவம்.

சுவடிச்செல்வி
2015 ஜூன் 14, இரவு 7.30

இழையை மேலே கொண்டுவருகிறேன். ஐபேட்டின் புதிய இயங்குதளம் ஐஓஎஸ் 9ஐ 8ஆம் தேதி அறிவித்தார்கள் அல்லவா? எயார் 2இல் இரண்டு செயலிகளைத் திரையைப் பிரித்து அருகருகே வைக்கலாமாம். அதன் சோதனைப் பதிப்பைக் குடைந்து பார்த்தவர்கள், இப்போதிருக்கும் எந்த ஐபேட்டிலும் வராத பெரிய விசைப்பலகை ஒன்று உள்ளே ஒளிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மேலே எண்களுக்கென்றே தனி வரிசை. தமிழ்99 விசைப்பலகை முறையில் உயிரும் மெய்யும் ஆய்தமுமாக 31 எழுத்து. சின்னத் திரையில் 'ந' தட்டப்போய் 'ன' தட்டுகிறவளுக்கு இது தேன்.

ஒரு பக்கம் சுவடி, மறுபக்கம் என் குறிப்பு. 9.7இல் பிரித்தால் இரண்டும் கைத்தொலைபேசி அளவுக்குப் போய்விடும். பெரிய திரை இல்லாமல் இந்த வேலையை அவர்கள் எதற்குச் செய்ய வேண்டும்?

மூன்றாம்_குறுக்கு
2015 ஜூன் 14, இரவு 9.15

விசைப்பலகையைப் பார்த்ததும் எனக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை வெளிநாட்டுத் தளங்கள் எழுதாது. கச்சான் காற்று அடிக்கிறது, திருக்கடலூர்ப் பக்கமிருந்து என் மேசைக்கு வரும் கருவிகளில் பாதிக்கு மேல் ஒரே நோய்: மின்னேற்றத் துளையில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்று எந்தக் கம்பனி என்று பார்ப்பதில்லை. பல்துலக்கும் பழைய தூரிகையும் ஐசோப்புரோப்பைல் அற்ககோலுமாகத்தான் என் காலை விடிகிறது. கருவி பெரிதானால் விலை பெரிது, துளை மட்டும் அதே சின்னத் துளை. வாங்குகிறவர்கள் இரவில் உறையில் போட்டு மூடி வையுங்கள்.

நானா_கிண்ணியா
2015 செப்டெம்பர் 10, காலை 6.20

வந்துவிட்டது மக்களே. ஐபேட் புரோ. 12.9 அங்குலம், 4:3, திரையில் 2732க்கு 2048 படப்புள்ளிகள். தடிப்பு 6.9 மில்லிமீற்றர். விற்பனை நவம்பரில். எடை 713 கிராம்.

வாடை
2015 செப்டெம்பர் 10, காலை 6.24

கொத்து! கொத்து! கொத்து!

மூன்றாம்_குறுக்கு
2015 செப்டெம்பர் 10, காலை 9.05

தோற்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியபின் வாருங்கள் சேர். வாடையைக் கூட்டிவர வேண்டாம்.

ஆனால் விலையைப் பார்த்தீர்களா? 32 ஜிபி 799 டொலர். பேனை தனியாக 99. விசைப்பலகை உறை 169. மொத்தம் 1,067 டொலர். இந்த மாதம்தான் ரூபாவை மிதக்கவிட்டிருக்கிறார்கள், டொலர் 140ஐ ஒட்டி நிற்கிறது. ஒன்றரை இலட்சம், இங்கே வந்து சேரும் செலவில்லாமல். யூஎஸ்பி துளை? அதைக் காணவில்லை. பேனையை மின்னேற்ற அதன் வாலைக் கழற்றி அதே ஒற்றைத் துளையில் செருக வேண்டுமாம். கரண்டி நட்ட பப்பாசி மாதிரி நிற்கிறது. துளையைப் பற்றி ஜூனில் நான் எழுதியதை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

சுவடிச்செல்வி
2015 செப்டெம்பர் 10, பிற்பகல் 1.40

ஒன்றரை இலட்சம் என்றால் எனக்கு இப்போது இல்லை. பயிற்சிக் காலம் முடியட்டும். ஏழு அங்குலத்தில் ஓரம் வெட்டி, பக்கத்தையும் குறுக்கே இரண்டாக வெட்டி ஏற்றத் தொடங்கியிருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் வரி தவறுவதில்லை.

பழைய_சங்கிலி
2015 செப்டெம்பர் 11, காலை 5.40

மகனிடம் கேட்டேன். "அப்பா, மூக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றான். அனுப்புகிறான் என்பதா, இல்லை என்பதா தெரியவில்லை.

கோணமலைக்காற்று
2015 நவம்பர் 22, இரவு 9.20

கேட்டவர்களுக்கு: இன்னும் வாங்கவில்லை. மார்ச்சில் பார்ப்போம் என்று வீட்டில் தீர்ப்பு. முட்டைக்கொத்து நன்றாக இருந்தது, கடைக்கார அண்ணா இரண்டாவது தட்டுக்கும் மறுக்கவில்லை.

அதுவரை மறுபடியும் கடதாசிதான். வாடைக் காற்று தொடங்கிவிட்டது, உவர்மலை வகுப்பில் யன்னலைத் திறந்தால் வினாத்தாள்கள் பறக்கின்றன, மூடினால் பிள்ளைகள் வேர்க்கிறார்கள். கண்ணாடி ஐபேட்டை எடுத்து மேலே வைத்தேன். 765 கிராம், ஒரு தாள் அசையவில்லை.

சுவடிச்செல்வி
2015 நவம்பர் 22, இரவு 9.45

சேர், எங்கள் வளாகம் கடலுக்கு இன்னும் கிட்ட. இரண்டு 'கருவி' செய்ய என்ன செலவாகும்?